செவிலியர் கல்விக்கான கலைத்திட்டம்: திட்டமிடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கலைத்திட்டம், பாடத்திட்டம் இரண்டும் ஒன்றுதானே?

பேச்சுவழக்கில் ஒன்றாகச் சொன்னாலும் வேலை என்று வரும்போது பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு பாடத்தின் அலகுகள், மணிநேரம், மதிப்பெண் பங்கீடு ஆகியவற்றைச் சொல்வது பாடத்திட்டம். மாணவர் சேர்ந்த நாள் முதல் பதிவுபெற்ற செவிலியராக வெளியேறும் நாள் வரை பெறும் கற்றல் முழுவதும் கலைத்திட்டம். வகுப்பறை, ஸ்கில் லேப் (செய்முறைகளைப் பழகும் கூடம்), வார்டு, சமுதாயப் பயிற்சி, தேர்வு, மாணவருக்குக் கிடைக்கும் வழிகாட்டுதல் எல்லாம் அதற்குள் அடங்கும்.

ஏட்டில் எழுதப்படாத ஒரு பகுதியும் இதில் உண்டு. 1968-இல் கல்வியியலாளர் பிலிப் ஜாக்சன் அதை ‘மறைமுகக் கலைத்திட்டம்’ என்று குறிப்பிட்டார். கை கழுவ வேண்டிய ஐந்து தருணங்களை வகுப்பில் படித்த மாணவர், வார்டில் மூத்தவர்கள் ஒரே கையுறையோடு மூன்று நோயாளிகளைப் பார்ப்பதைக் கண்டால், இரண்டாவது பாடம்தான் மனத்தில் நிற்கும். அதனால் வார்டைத் தொடாத கலைத்திட்டச் சீரமைப்பைப் பாதி வேலை என்றுதான் சொல்ல வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது?

நான்கு கேள்விகளை வரிசையாகக் கேட்கச் சொன்னார் ரால்ஃப் டைலர் (1949): நோக்கம் என்ன, அதை அடைய எந்த அனுபவங்கள் தேவை, அவற்றை எப்படி அடுக்குவது, நோக்கம் நிறைவேறியதை எப்படி அறிவது. இந்த வரிசை இன்றும் செல்லும். ஆனால் நோக்கத்தை எழுதும் முன் தேவையைக் கண்டறிய வேண்டும் என்று 1962-இல் ஹில்டா டாபா வலியுறுத்தினார். செவிலியர் கல்விக்கு அந்த முதல் படி மிக அவசியம். அதைத் தாண்டிப்போகும் குழுக்கள் பழைய ஏட்டையே புதிய தலைப்புகளோடு மறுபதிப்புச் செய்துவிடுகின்றன.

தேவையைக் கண்டறிய மூன்று இடங்களில் தேடுங்கள். முதலாவது, பயிற்சி மருத்துவமனையின் கடந்த 12 மாதச் சேர்க்கைப் பதிவேடு. எந்த 20 காரணங்களுக்காக நோயாளிகள் அதிகம் வருகிறார்கள் என்று எழுதுங்கள். இரண்டாவது, தவறு நேர்ந்த சம்பவங்களின் பதிவு: மருந்துப் பிழை, நோயாளி தவறி விழுதல், படுக்கைப் புண், கேனுலா (இரத்தக் குழாயில் செருகும் மெல்லிய குழாய்) செருகிய இடத்தில் தொற்று. மூன்றாவது, பணியில் சேர்ந்து ஆறு மாதமான செவிலியர்கள். “எந்த வேலையைத் தனியாகச் செய்யப் பயந்தீர்கள்?” என்று அவர்களைக் கேளுங்கள். நோயாளியின் நிலை மோசமாவதை மருத்துவருக்குத் தொலைபேசியில் தெளிவாகச் சொல்வது, ஒரே நேரத்தில் ஆறேழு பேரைக் கவனிப்பது, கோபத்தில் இருக்கும் உறவினரிடம் பேசுவது போன்ற பதில்கள் வரலாம். இவற்றுக்குப் பல கலைத்திட்டங்களில் ஒரு மணிநேரம்கூட ஒதுக்கியிருக்காது.

குழுவில் யார் யார் இருக்க வேண்டும்?

8 முதல் 12 பேர் போதும். ஆசிரியர்கள் பாதிக்கு மேல் வேண்டாம். வார்டு பொறுப்புச் செவிலியர் இருவர், சமுதாயச் செவிலியர் ஒருவர், அண்மையில் படிப்பை முடித்தவர் ஒருவர், இறுதியாண்டு மாணவர் ஒருவர், தேர்வுப் பிரிவிலிருந்து ஒருவர் கட்டாயம். நீண்ட நாள் சிகிச்சையில் இருந்த நோயாளி ஒருவரையோ அவரைப் பராமரித்தவரையோ இரண்டு கூட்டங்களுக்காவது அழையுங்கள். தேர்வுப் பிரிவை இறுதியில் சேர்க்கும் வழக்கத்தால் நல்ல நோக்கங்கள் பல கெட்டுப்போகின்றன. எதை எப்படிச் சோதிக்க முடியும் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான்.

கற்றல் விளைவுகளை எத்தனை எழுதலாம்? எப்படி எழுதுவது?

படிப்பு முழுமைக்கும் 8 முதல் 12. முப்பதைத் தாண்டினால் ஆசிரியர்களுக்கே நினைவிருக்காது. ஒவ்வொரு பாடத்துக்கும் 4 முதல் 6 விளைவுகள் போதும்.

‘இரத்த அழுத்தத்தைப் பற்றிப் புரிந்துகொள்வார்’ என்று எழுதினால் புரிந்ததா என்று யாராலும் பார்க்க முடியாது. செயல், சூழல், அளவுகோல் மூன்றும் ஒரே வாக்கியத்தில் இருக்கட்டும்: ‘கையால் இயக்கும் அழுத்தமானியைக் கொண்டு, படுத்திருக்கும் வயதுவந்த நோயாளியின் இரத்த அழுத்தத்தை அளந்து, இருவர் கேட்கும் ஸ்டெதாஸ்கோப்பில் பயிற்றுநர் குறித்த அளவுக்கு 4 மி.மீ. வித்தியாசத்துக்குள் பதிவு செய்வார். வரம்பை மீறிய அளவை உடனே பொறுப்புச் செவிலியரிடம் தெரிவிப்பார்.’ இப்படி எழுதிய மாத்திரத்தில் எதைக் கற்பிப்பது, எந்தக் கருவி வாங்குவது, எப்படித் தேர்வு வைப்பது என்ற மூன்றுக்கும் விடை கிடைத்துவிடும்.

பென்ஜமின் புளூம் குழுவின் 1956-ஆம் ஆண்டு வகைப்பாடு அறிவுசார் தளத்துக்கானது. 2001-இல் அது திருத்தப்பட்டு, ‘உருவாக்குதல்’ உச்சிக்கு வந்தது. ஆனால் செவிலியத்தில் கைத்திறனும் மனப்பாங்கும் தனித்தனித் தளங்கள். எழுதி முடித்தபின் விளைவுகளை மூன்று நிறங்களால் குறித்துப் பாருங்கள். மனப்பாங்கின் நிறம் எங்குமே இல்லையென்றால் திரும்ப உட்கார வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. பாட்ரிசியா பென்னர் 1984-இல் விளக்கிய செவிலியர் திறனின் ஐந்து நிலைகளில், புதிதாகப் படிப்பை முடித்தவர் இரண்டாம் நிலையில், அதாவது முன்னேறிய தொடக்கநிலையில் இருக்கிறார். ஒரே வகைப் பணியில் இரண்டு மூன்று ஆண்டுகள் இருந்தபின்தான் தேர்ச்சி நிலை வருகிறது. ‘சிக்கலான தீவிர சிகிச்சையில் நிபுணத்துவத்துடன் முடிவெடுப்பார்’ என்று இளநிலைக் கலைத்திட்டத்தில் எழுதுவது நிறைவேறாத வாக்குறுதி. ‘ஆபத்தின் அறிகுறியைக் கண்டு, உரிய நேரத்தில் உதவி கோருவார்’ என்பது எட்டக்கூடியது. உயிரைக் காப்பதும் அதுதான்.

பாடங்களை எந்த வரிசையில் அடுக்குவது?

எளிதிலிருந்து கடினம், நலத்திலிருந்து நோய், ஒரு நோயாளியிலிருந்து பல நோயாளிகள். இவை பழைய விதிகள், நல்ல விதிகள். அவற்றோடு 1960-இல் ஜெரோம் புரூனர் சொன்ன சுழல்முறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே கருத்துக்குப் பலமுறை திரும்பி வர வேண்டும், ஒவ்வொரு முறையும் ஒரு படி ஆழமாக.

திரவச் சமநிலையை எடுத்துக்கொள்வோம். முதலாண்டில் உட்கொண்டதும் வெளியேறியதும் பிழையில்லாமல் பதிவது. இரண்டாமாண்டில் அறுவை நோயாளிக்கு டிரிப் வேகம் கணக்கிடுவது: 1000 மி.லி. திரவம் 8 மணிநேரத்தில் செல்ல வேண்டும், ஒரு மி.லி.க்கு 20 சொட்டு விழும் செட் என்றால், 1000 × 20 ÷ 480 = நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 சொட்டு. மூன்றாமாண்டில் நீரிழப்புள்ள குழந்தைக்கு உடல் எடையை வைத்துக் கணக்கிடுவது. இறுதியாண்டில் அதிர்ச்சி நிலையில் உள்ளவருக்குத் திரவம் ஏற்றும்போது நுரையீரலில் நீர் சேரும் அறிகுறியைக் கவனிப்பது. நான்கு ஆசிரியர்கள் நான்கு ஆண்டுகளில் இதை நடத்துகிறார்கள். முந்தையவர் எங்கே விட்டார் என்று அடுத்தவருக்குத் தெரியாவிட்டால் நான்கு முறையும் முதல் படியே நடக்கும். சுழல் வட்டமாகிவிடும்.

பக்கவாட்டு இணைப்பையும் பாருங்கள். இதயம், இரத்த ஓட்டத்தின் உடற்கூறு எந்த வாரங்களில் நடக்கிறதோ, அதே வாரங்களில் நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் ஸ்கில் லேபில் வர வேண்டும். மூன்று மாத இடைவெளி விழுந்தால் மாணவர் இரண்டையும் தனித்தனியாக மனப்பாடம் செய்வார்.

வகுப்புக்கு எவ்வளவு, வார்டுக்கு எவ்வளவு?

உங்கள் ஒழுங்குமுறை அமைப்பு விதிக்கும் குறைந்தபட்ச அளவே முதல் எல்லை. ஓர் ஒப்பீட்டுக்கு, ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005/36 வழிகாட்டுநெறி பொதுச் செவிலியர் படிப்புக்குக் குறைந்தது 3 ஆண்டு, 4600 மணிநேரம் கேட்கிறது. அதில் கருத்தியல் மூன்றில் ஒரு பங்குக்கும், மருத்துவமனை–சமுதாயப் பயிற்சி பாதிக்கும் குறையக் கூடாது.

மணிக்கணக்கை விடப் பெரிய சிக்கல், அந்த மணிநேரத்தில் மாணவர் செய்தது என்ன என்பதுதான். ஆறு மணிநேர டூட்டியில் ஐந்து மணிநேரம் படுக்கை விரிப்பதிலும் ரிப்போர்ட் வாங்கி வருவதிலும் போனால், ஏட்டில் ஆறு மணிநேரமும் கற்றலில் ஒரு மணிநேரமும்தான் இருக்கும்.

கிளினிக்கல் போஸ்டிங் (மாணவரை வார்டுகளுக்குப் பயிற்சிக்கு அனுப்புதல்) திட்டம் ஏன் எப்போதும் சிக்கலாகிறது?

நோயாளிகளின் எண்ணிக்கையைக் கணக்கிடாமல் மாணவர் எண்ணிக்கையை மட்டும் வைத்து அட்டவணை போடுவதால். ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

60 மாணவர், ஒவ்வொருவரும் 10 இயல்பான பிரசவங்களை மேற்பார்வையில் நடத்த வேண்டும் என்று விதி. மொத்தத் தேவை 600. பத்துப் பேர் கொண்ட ஆறு குழுக்கள், குழுவுக்கு 4 வாரம் என்றால் மொத்தம் 24 வாரம், ஏறக்குறைய ஐந்தரை மாதம். மருத்துவமனையில் மாதம் 120 இயல்பான பிரசவம் நடந்தால் அந்தக் காலத்தில் 660. போதும் என்று தோன்றும். ஆனால் மருத்துவ மாணவர்களும் மற்றப் பயிற்சியாளர்களும் பாதியை எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது 330, ஆளுக்கு ஐந்தரை. பிரசவம் கடிகாரம் பார்த்து வருவதில்லை. மாணவர்கள் பகல் ஷிப்டில் 8 மணிநேரம் மட்டும் இருந்தால் அதிலும் மூன்றில் ஒரு பங்கு, 110 தான் அவர்கள் கண்ணில் படும். ஆளுக்கு இரண்டுகூட வராது. அப்போது லாக்புக்கில் (செய்த பணிகளைப் பதியும் ஏட்டில்) பத்து என்று எழுதிக் கையெழுத்து வாங்கும் பழக்கம் தொடங்குகிறது. மாணவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நிறைவேற்ற முடியாத எண்ணை விதித்தவர்களின் பிழை அது.

தீர்வுகள் நான்கு. மூன்று ஷிப்டிலும் மாணவரைப் பிரித்துப் போடுவது. இரண்டாவது மருத்துவமனையோடு ஒப்பந்தம் செய்வது. போஸ்டிங்கை ஆண்டு முழுவதும் பரப்புவது. மற்றப் படிப்புகளின் பொறுப்பாளர்களோடு பகிர்வு அட்டவணை போடுவது. முதலாவது செலவு குறைந்தது. ஆனால் இரவில் பயிற்றுநரோ பொறுப்பேற்கும் மூத்த செவிலியரோ இல்லாமல் மாணவரை அனுப்பக் கூடாது.

இதே கணக்கைக் குழந்தைகள் வார்டு, மனநலப் பிரிவு, அறுவை அரங்கு என ஒவ்வொன்றுக்கும் போடுங்கள். பயிற்றுநர் ஒருவருக்கு 8 முதல் 10 மாணவர் என்பது பொது வார்டில் சமாளிக்கக்கூடிய அளவு. தீவிர சிகிச்சைப் பிரிவில் நான்கைந்துக்கு மேல் போனால் பயிற்றுநர் பார்வையாளராகிவிடுவார். மாஸ்டர் ரொட்டேஷன் பிளானை (எந்தக் குழு எப்போது எந்த வார்டில் என்ற முழு அட்டவணையை) இறுதி செய்யுமுன் வார்டு பொறுப்பாளர்களிடம் காட்டுங்கள். ஒரே வாரத்தில் மூன்று கல்லூரிகளின் மாணவர்கள் ஒரே வார்டில் குவிவதை அவர்களால் மட்டுமே முன்கூட்டிச் சொல்ல முடியும்.

வார்டு நேரத்துக்குப் பதிலாகப் பாவனைப் பயிற்சி போதுமா?

ஓரளவுக்குப் போதும். நோயாளி இருக்கும் சூழலைப் போல அமைத்து அதில் பழகுவதே பாவனைப் பயிற்சி. அமெரிக்காவின் செவிலியர் வாரியங்களின் தேசியக் கவுன்சில் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவமனைப் பயிற்சி நேரத்தில் பாதி வரை தரமான பாவனைப் பயிற்சியால் ஈடுசெய்தபோதும் இறுதி விளைவுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ‘தரமான’ என்ற சொல்தான் இதில் முக்கியம். பயிற்சிபெற்ற நடத்துநர்களும், ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் முறையான பின்கலந்துரையாடலும் இருந்ததால் கிடைத்த முடிவு அது. விலையுயர்ந்த மேனிக்கின்னை (நோயாளி வடிவப் பயிற்சிப் பொம்மையை) வாங்கி வைத்துவிட்டு 15 நிமிடக் காட்சிக்குப் பின் “நன்றாகச் செய்தீர்கள்” என்று அனுப்பிவிட்டால் பயன் சொற்பம். காட்சி நேரத்துக்குச் சமமாகவோ கூடுதலாகவோ கலந்துரையாடலுக்கு ஒதுக்குங்கள்.

கலைத்திட்ட வரைபடம் என்கிறார்களே, அது என்ன?

ஒரு பெரிய அட்டவணை. மேலே கற்றல் விளைவுகள், பக்கவாட்டில் பாடங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ‘அ’ (அறிமுகம்), ‘வ’ (வலுவூட்டல்), ‘தே’ (தேர்ச்சி) என்று குறியுங்கள். பிறகு மேலிருந்து கீழாகப் படியுங்கள். தொற்றுத் தடுப்பின் கீழ் ஏழு ‘அ’ இருந்து ஒரு ‘தே’ கூட இல்லையென்றால், ஏழு ஆசிரியர்கள் அறிமுகம் செய்கிறார்கள், யாரும் முடித்து வைக்கவில்லை என்று பொருள். வெறுமையான நெடுவரிசை இன்னும் மோசம்: வாக்குக் கொடுத்தோம், கற்பிக்கவில்லை. ஒரு நாள் மாலை சுவரில் ஒட்டிப் பேசினாலே ஓராண்டுக் கூட்டங்களில் வெளிவராதது வெளிவரும்.

எழுத்துத் தேர்வில் எந்தத் தலைப்புக்கு எத்தனை மதிப்பெண்?

புத்தகத்தில் எத்தனை பக்கம் என்று பார்த்துப் பிரிக்காதீர்கள். ஒவ்வொரு தலைப்புக்கும் இரண்டு எண் கொடுங்கள்: நோயாளிக்கு ஏற்படும் ஆபத்து (1–3), வார்டில் சந்திக்கும் அளவு (1–3). இரண்டையும் பெருக்குங்கள். இரத்தச் சர்க்கரை திடீரெனக் குறைதல் 3 × 3 = 9. அரிய பிறவிக் குறைபாடு ஒன்று 2 × 1 = 2. எல்லாத் தலைப்புகளின் கூட்டுத்தொகை 45 என்றால், முதலாவதற்கு 9 ÷ 45 = 20 விழுக்காடு; 50 மதிப்பெண் தாளில் 10. தாள் தயாரிப்பவர் மாறினாலும் பங்கீடு மாறாது.

கைத்திறனை எப்படிச் சோதிப்பது?

ஜார்ஜ் மில்லர் 1990-இல் தந்த பிரமிடை நினைவில் வையுங்கள்: தெரியும், எப்படி என்று தெரியும், செய்து காட்டுவார், பணியில் செய்கிறார். எழுத்துத் தேர்வு முதல் இரண்டோடு நின்றுவிடும். மூன்றாவதற்கு, ரொனால்ட் ஹார்டன் குழுவினர் 1975-இல் அறிமுகப்படுத்திய ஓஸ்கி (OSCE): மாணவர் நிலையம் நிலையமாகச் சென்று, ஒவ்வொன்றிலும் ஒரு செயலைச் செய்து காட்டும் தேர்வு. நான்காவதற்கு வார்டிலேயே நேரடிக் கவனிப்பு.

ஓஸ்கிக்கு நேரக் கணக்கு முக்கியம். 12 நிலையங்கள், நிலையத்துக்கு 6 நிமிடம், மாற 1 நிமிடம் என்றால் ஒரு சுற்று 84 நிமிடம், 12 பேர் முடிப்பார்கள். 60 பேருக்கு ஐந்து சுற்று, இடைவேளை இல்லாமலே 7 மணிநேரம். கடைசிச் சுற்றில் தேர்வாளர் களைத்து, மதிப்பெண் தளரும் அல்லது இறுகும். இரண்டு இணை வரிசைகள் அமையுங்கள். ஆனால் இரண்டிலும் ஒரே செக்லிஸ்டைத் தேர்வாளர்கள் ஒரே மாதிரி புரிந்திருக்கிறார்களா என்று முந்தின நாள் ஒரு மாதிரி மாணவரை வைத்துச் சரிபாருங்கள்.

செக்லிஸ்டில் 25 படிகளுக்கும் தலா ஒரு மதிப்பெண் என்பது பரவலான பிழை. கதீட்டர் செருகும்போது திரையை இழுக்க மறந்தவரும் கிருமிநீக்கத்தை முறித்தவரும் ஒரே ஒரு மதிப்பெண் இழக்கிறார்கள். ‘தவறினால் தேர்ச்சி இல்லை’ என்ற முக்கியப் படிகளை இரண்டு மூன்று குறித்து, அதை மாணவருக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

தேர்ச்சி மதிப்பெண் 50 என்பது சரியா?

அது வழக்கம், அதற்கு ஆதாரம் இல்லை. கடினமான தாளில் தகுதியானவர் தோற்பார், எளிதான தாளில் தகுதியற்றவர் வெல்வார். ஆங்காஃப் முறையில், ஆறு முதல் பத்து ஆசிரியர்கள் ஒவ்வொரு வினாவையும் பார்த்து, ‘தேர்ச்சி விளிம்பில் நிற்கும் மாணவர்களில் எத்தனை விழுக்காட்டினர் இதைச் சரியாக எழுதுவர்?’ என்று தனித்தனியே குறிப்பார்கள். 50 வினாவுக்கும் சராசரி 0.62 வந்தால் தேர்ச்சிக் கோடு 31.

மருந்தளவுக் கணக்குக்கு மட்டும் இந்தத் தளர்வு வேண்டாம். பத்தில் ஐந்து சரி என்றால் பாதி நோயாளிகளுக்குத் தவறான அளவு. முழு மதிப்பெண் எடுக்கும்வரை மறுதேர்வு வையுங்கள், இடையில் தனிப்பயிற்சி கொடுங்கள்.

தேர்வு முடிந்தபின் வினாக்களை என்ன செய்வது?

பகுப்பாய்வு செய்து வினா வங்கியில் சேர்த்து வையுங்கள். 60 பேரை மொத்த மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால் மேல் 27 விழுக்காடு 16 பேர், கீழ் 27 விழுக்காடு 16 பேர். ஒரு வினாவை மேல்குழுவில் 12 பேரும் கீழ்க்குழுவில் 6 பேரும் சரியாக எழுதினால், எளிமைக் குறியீடு (சரியாக எழுதியோரின் பங்கு) 18 ÷ 32 = 0.56; பிரித்தறியும் குறியீடு (இரு குழுக்களுக்கும் உள்ள இடைவெளி) (12 − 6) ÷ 16 = 0.38. நல்ல வினா. பிரித்தறியும் குறியீடு எதிர்மறையில் வந்தால் முதலில் விடைக்குறிப்பைச் சரிபாருங்கள். பிழை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கலைத்திட்டத்தையே மதிப்பிடுவது எப்படி?

மாணவர் கருத்துப் படிவம் மட்டும் போதாது. டொனால்ட் கர்க்பாட்ரிக்கின் நான்கு நிலைகளில் அது முதல் படி மட்டுமே: பிடித்ததா, கற்றாரா, பணியில் நடத்தை மாறியதா, நோயாளிக்குப் பலன் கிடைத்ததா. தேர்வு வாரத்தில் படிவம் கொடுத்தால் அந்த முதல் படியும் பிழையாகும்.

டேனியல் ஸ்டஃபில்பீமின் சூழல், உள்ளீடு, செயல்முறை, விளைபொருள் என்ற நான்கு பிரிவுகள் கையாள எளிதானவை. சூழல்: நோய்ப்பாங்கு மாறியிருக்கிறதா, மூன்றாண்டுக்கு ஒருமுறை. உள்ளீடு: ஆசிரியர் எண்ணிக்கை, மேனிக்கின், நூலகம், வார்டுப் படுக்கைகள், ஆண்டுக்கு ஒருமுறை. செயல்முறை: திட்டமிட்ட வகுப்புகளில் எத்தனை நடந்தன, வார்டில் பயிற்றுநர் உண்மையில் இருந்த நேரம், லாக்புக்கில் திடீரென ஒரே நாளில் நிரம்பிய பக்கங்கள், மாதந்தோறும். விளைபொருள்: முதல் முயற்சியில் தேர்ச்சி பெற்றோர், இடைநின்றோர், பதிவுத் தேர்வு முடிவு, பணியில் சேர்ந்த 6 மற்றும் 12 மாதங்களில் மேற்பார்வையாளரின் மதிப்பீடு.

இவற்றுள் செயல்முறையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். தேர்ச்சி விகிதம் குறைந்ததும் பாடத்தைக் குறை சொல்லி அலகுகளை மாற்றுகிறார்கள். விசாரித்தால் அந்தப் பருவத்தில் திட்டமிட்ட வகுப்புகளில் மூன்றில் ஒன்று நடக்கவே இல்லை. நடத்தாத கலைத்திட்டத்தை மதிப்பிட முடியாது.

ஒவ்வொரு கண்டறிதலுக்கும் எதிரே பொறுப்பாளர் பெயர், தேதி, மாற்றம் செய்தபின் மீண்டும் அளக்க வேண்டிய நாள் என மூன்றையும் எழுதுங்கள்.

புதிய தலைப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. எங்கே சேர்ப்பது?

ஒரு மணிநேரம் சேர்க்க விரும்புபவர், நீக்க வேண்டிய ஒரு மணிநேரத்தையும் பெயரிட்டுக் கொண்டுவர வேண்டும் என்று விதி வையுங்கள். ஏற்கெனவே உள்ள ஒரு நோயாளி நிகழ்வுக்குள் அதை நுழைக்க முடியுமா என்றும் பாருங்கள். வலி நிவாரணத்தைத் தனிப் பாடமாக்குவதைவிட எல்லா வார்டுப் போஸ்டிங்கின் பராமரிப்புத் திட்டத்திலும் ஒரு கட்டாயக் கட்டமாக்கலாம்.

புதிய கலைத்திட்டத்துக்கு எப்போது மாறலாம்?

முதலாண்டு மாணவரிடம் மட்டும் தொடங்குங்கள். நடுவில் உள்ளவர்களை மாற்றினால் சில தலைப்புகள் இரண்டு முறை வரும், சில வரவே வராது. நான்காண்டுப் படிப்பில் மூன்று ஆண்டுகள் பழையதும் புதியதும் சேர்ந்து ஓடும். அந்தக் காலத்துக்கான ஆசிரியர் பணிச்சுமையை முன்பே கணக்கிடுங்கள். தோல்வியுற்று மறுபடி எழுதும் பழைய மாணவருக்கு எத்தனை ஆண்டுகள் பழைய முறையில் தேர்வு நடக்கும் என்பதை எழுத்தில் அறிவியுங்கள். வார்டு பொறுப்பாளர்களுக்கு இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று கொடுங்கள்: இந்த ஆண்டு மாணவர் எதைத் தனியாகச் செய்யலாம், எதை மேற்பார்வையில் மட்டும் செய்யலாம், எதைத் தொடவே கூடாது. மருந்து அறைச் சுவரில் அது ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.